அங்கிள் காட்டும் கோர்ஸ்

எஸ்.பி.எம். முடிவு வந்து ஒரு வாரத்துக்குள் பூச்சோங்கில் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வழி தெரியாமல் நிற்பதில்லை. அதற்காக எங்கள் அங்கிள்மார்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பண்டார் புத்ரியில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் நாற்பது வருட வாழ்க்கையை முடிவு செய்துவிடுவார்கள். இதே வேலைக்குப் புத்ராஜெயாவில் உயர்கல்வி அமைச்சு என்று ஒன்றை வைத்திருக்கிறது அரசாங்கம். வீண் செலவு.

பல்கலைக்கழகங்கள் நில அளவை, மொழியியல், உணவு அறிவியல், புள்ளியியல் என்று எதையெதையோ சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளைக் குழப்புகின்றன. அங்கிளிடம் அந்தக் குழப்பமே கிடையாது. டாக்டர், லாயர், இஞ்சினியர். மூன்றும் கிடைக்காவிட்டால் பிஸ்னஸ். இவ்வளவுதான் உலகத்தில் படிப்பு.

அன்றைக்கு ஒரு பெண்பிள்ளை கைப்பேசியில் யூ.பி.யூ. விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருந்தாள். மொத்தம் 12 தேர்வுகளுக்கு இடம். அங்கிள் சொல்லச் சொல்ல அவள் கட்டைவிரல் ஓடியது. பன்னிரண்டும் நிரம்பிய பிறகு, “உனக்கு என்னம்மா படிக்க ஆசை?” என்று ஒரு வார்த்தை கேட்டாரே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? “கடல் உயிரியல், அங்கிள். திரங்கானுல இருக்கு.” “ஏன், மீன் பிடிக்கப் போறியா?” மேசையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சபை நாகரிகம் தெரிந்த பெண். அந்தக் கல்வியை ஏற்கெனவே முடித்துவிட்டாள்.

மருத்துவம் என்று வந்துவிட்டால் அங்கிளின் தொலைநோக்கே தனி. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில்தான் எடுத்துவந்தது. 2021 ஜூலை 26ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்த நேரத்தில், அந்த ஒப்பந்த டாக்டர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து, பதாகை பிடித்து நிரந்தர வேலை கேட்டார்கள். பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கும் அங்கிளுக்கு இது தெரியாமலா இருக்கும்? அவர் கணக்கு வேறு. வேலை நிரந்தரமோ இல்லையோ, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ நிரந்தரம்.

அவர் சொல்லும் கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். அந்தச் சிரமத்தையும் அவர் நமக்குக் கொடுப்பதில்லை. “நம்ம பையன்தான் அங்க ஏஜென்ட்.” போதாதா?

ஆறாம் படிவம் என்று சொன்னால் அங்கிள் முகம் சுளிக்கும். “எஸ்.டி.பி.எம். ரொம்பக் கஷ்டம், வேணாம்.” நியாயம்தானே! ஒன்றரை வருடம் அரசாங்கப் பள்ளியில், கைக்காசு அதிகம் கரையாமல் படித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழை வாங்கினால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? மெட்ரிகுலேஷன் இன ஒதுக்கீட்டில் 90க்கு 10 என்று கோடு போட்டு நம் பிள்ளைகளை நிற்கவைத்தது உண்மை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தோடு ஆறாம் படிவத்தையும் கைவிட்டு, நேராகத் தனியார் கல்லூரிக்கு வழிகாட்டிய சாமர்த்தியம் முழுக்க முழுக்க நம்முடையது. ஃபவுண்டேஷனுக்கு அம்மாவின் சங்கிலி; டிகிரிக்கு பி.டி.பி.டி.என். கடன். முதல் சம்பளத்துக்கு முன்பே கடன்காரனாகும் பாக்கியம் எல்லா இளைஞருக்கும் வாய்க்குமா?

தமிழ்ப்பற்றிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார் முன்னின்று, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியதை மேடையில் சொல்லும்போது அங்கிளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மண்டபமே கைதட்டும். அதே துறையில் சேர வேண்டும் என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்து நின்றான். “தமிழ் படிச்சு என்னடா வேலை கிடைக்கும்?” என்று அவனைக் காப்பாற்றி அனுப்பினார். தமிழ் வாழ வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகள் படித்து வாழவைக்கட்டும்.

அங்கிளின் சொந்த மகனைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்டால் அவரும் பேச்சை மாற்றிவிடுவார். எஸ்.பி.எம். முடித்ததும் தொழில்திறன் பயிற்சிக் கழகத்தில் ஏர்கான் பிரிவில் சேர்கிறேன் என்றானாம். “இந்தக் காலத்துப் பிள்ளைங்க, அதுங்க இஷ்டம்” என்று மறு பேச்சில்லாமல் விட்டுவிட்டார். வெளியே ‘இஞ்சினியரிங் லைன்’ என்று சொல்லிக்கொள்வார். பையன் இப்போது சொந்தமாக வேன் வாங்கி, இரண்டு பேரை வேலைக்கு வைத்து, வாங்கிய கடன் எதுவும் பாக்கியில்லாமல் இருக்கிறான். இந்த ஒரு கோர்ஸை மட்டும் அங்கிள் வேறு எந்தப் பிள்ளைக்கும் சிபாரிசு செய்ததில்லை. அவ்வளவு தன்னடக்கம்.