முதல் பிள்ளைக்கே 28000!

கேள்வி: செஸ்னா 172 குட்டி விமானத்தின் வரிசை எண்ணைப் பார்த்தே, மொத்தம் எத்தனை செய்தார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியும் என்று நம்பினால் ஏமாந்தீர்கள்! அமெரிக்காவின் விச்சிட்டாவில் 1956 மாடலாக வந்த முதல் 172-க்கே எண் 28000. புதுக்கடை போட்டவர் பில் புத்தகத்தை 501-லிருந்து கிழிப்பாரே, அதே கதைதான். பிற்பாடு எண்ணுக்கு முன்னால் 172-ஐயும் ஒட்டவைத்தார்கள். 1986-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டு 1996-ல் திரும்ப வந்தபோது, 172ஆர் ரகத்தை 17280001 என்று ஆரம்பித்தார்கள். பிரான்ஸின் ரெய்ம்ஸ் ஆலையில் பிறந்தவற்றுக்கோ 'எஃப்172' என்று தனிக்கோத்திரம்!

பழைய விமானத்தின் பூர்வீகம் தேடுகிறவர்கள், வெளியே பெரிதாக எழுதியிருக்கும் பதிவெண்ணை நம்பி இறங்க வேண்டாம். நாடு மாறினால் அதுவும் மாறிவிடும். உடம்போடு ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எத்தனை கை மாறினாலும் அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

மொத்தக் கணக்கா? 44,000-க்கும் மேல். உலகில் இத்தனை எண்ணிக்கையில் செய்த விமானம் வேறில்லை.