சின்னத்திரைப் பொருளதிகாரம்: ஒன்பதரை மணியை முன்வைத்து

தொல்காப்பியர் அகத்திணைக்கு முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் வைத்தார். மரம், பறவை, பறை, உணவு எல்லாம் அதற்கப்புறம் வரும் கருப்பொருள். இந்த வரிசையைப் பேராசிரியர்கள் மனப்பாடம் செய்தார்கள். உண்மையென்று நம்பியவர்கள் டிவி சேனல்காரர்கள்தான். அவர்களுக்கு நிலம் என்பது சேனல், பொழுது என்பது ஸ்லாட். கதை, நடிகர், மாடிப்படி, பூஜை அறை, ஐசியு வாசல், கழுத்து நிறைய நகையோடு தூங்கும் மருமகள் எல்லாம் கருப்பொருள், வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இவ்வாய்வின் துணிபு: சீரியலில் யார் வாழ்வது, யார் சாவது, யார் கோமாவிலிருந்து கண் விழிப்பது என்பதை முடிவு செய்வது கதாசிரியர் அல்ல, கடிகாரம்.

முதலில் அளவையியல். 2015 முதல் எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளப்பது பார்க் என்ற அமைப்பு. தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத முத்திரை ஒன்று கலந்து வரும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு பட்டன். பாட்டி வந்து உட்கார்ந்தால் தன் பட்டனை அழுத்த வேண்டும். எழுந்து போனாலும் அழுத்த வேண்டும். அடுப்பில் பால் பொங்கும்போது பாட்டி எதை முதலில் கவனிப்பார் என்பது அளவையியலில் இன்னும் தீராத வழக்கு.

மீட்டர் இருக்கும் வீடு எதுவென்று வெளியே தெரியக்கூடாது. எனவே இப்பகுதி களவியலில் அடங்கும். 2020 அக்டோபரில் மீட்டர் வீடுகளுக்குப் பணம் போனதாக மும்பை போலீஸ் குற்றம் சாட்டியபோது, செய்திச் சேனல்களின் ரேட்டிங்கைப் பார்க் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. எந்தச் செய்தியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் நாடு ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டது. சீரியலுக்கு அப்படி நிறுத்தியிருந்தால் எத்தனை மாமியார்கள் திருந்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நடுவழியில் நின்றிருப்பார்கள்!

சனி முதல் வெள்ளி வரை பார்த்ததற்கான கணக்கு அடுத்த வியாழக்கிழமை வரும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு எத்தனை நிமிஷம் இருந்தார்கள் என்பதும் அதில் சேர்த்தி. இந்த நிமிஷக் கணக்குத் தெரியாமல் சீரியலின் நடையழகு பிடிபடாது. ஒரு அறை விழுகிறது என்று கொள்வோம். கை ஓங்குவது மூன்று கோணத்தில் வரும். பிறகு அறை வாங்கியவள் முகம், அறைந்தவர் முகம், மாமியார், நாத்தனார், தூணோரம் நிற்கும் வேலைக்காரி, தொட்டிலில் இருக்கும் குழந்தை என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இடி. விளம்பரம். திரும்பி வந்தால் அறை மறுபடி விழும். விமர்சகர் இதை இழுவை என்கிறார். தவறு. ரிமோட்டை நோக்கி நகரும் கையைப் பிடித்து நிறுத்தும் உத்தி இது.

இனிச் சிறுபொழுது. முல்லைக்கு மாலை, காத்திருத்தல் அதன் உரிப்பொருள். விளக்கேற்றிவிட்டு ஆறு மணிக்கு டிவி முன் உட்காரும் இல்லத்தரசிக்கு இது அப்படியே பொருந்தும். குறிஞ்சிக்கு யாமம்; ஒன்பதரை மணியில் மொத்தக் குடும்பமும் ஒரே சோபாவில் கூடுகிறது. பாலைக்கு நண்பகல், பிரிதல். ராத்திரி ஸ்லாட்டிலிருந்து இரண்டரை மணிக்குத் தள்ளப்பட்ட சீரியலைப் பார்த்தவர்கள் பாலைக்கு வேறு உரை தேட மாட்டார்கள். நாயகி அங்கே தனியாகத்தான் அழுவாள். நெய்தலின் எற்பாடு காலையா பிற்பகலா என்று உரையாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அதற்குள் நாம் போகவில்லை.

பெரும்பொழுது சுருக்கம்: பங்குனி, சித்திரையில் ஐபிஎல், அதற்கப்புறம் பிக் பாஸ் வந்து ஏறக்குறைய நூறு நாள் உட்கார்ந்துகொண்டால் அங்கிருந்த சீரியல்கள் முன்னே பின்னே நகரும், அல்லது சடாரென்று சுபம் போடும்.

உரிப்பொருளில் மட்டும் சின்னத்திரை தொல்காப்பியத்தைத் தாண்டிவிட்டது. அங்கே ஐந்து, இங்கே ஒன்றே ஒன்று: ஒட்டுக்கேட்டல். அகத்திணையில் பேசுவதற்கு உரிமை பெற்றோர் பட்டியலில் மாமியார் இல்லாத பெருங்குறையையும் சின்னத்திரைதான் தீர்த்தது.

ரேட்டிங் இருக்கும்வரை முடிச்சு அவிழாது என்பதற்கு ‘பாரதி கண்ணம்மா’ போதும். மனைவியைச் சந்தேகிக்கும் கணவன் ஒரு டாக்டர். டிஎன்ஏ பரிசோதனை ஒன்று செய்தால் கதை முடிந்தது. ஊரே சொல்லியும் ஆண்டுக்கணக்கில் அவர் செய்யவில்லை. அவரை மடையர் என்று கேலி செய்தவர்கள் பொருளாதாரம் அறியாதவர்கள்.

கடிகாரமே எல்லாம் என்ற கொள்கைக்கு அடங்காத சான்று ஒன்று உண்டு. மறைப்பது ஆய்வு நெறியல்ல. ஆள் மாறினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு அட்டை போட்டுவிட்டுப் போவது மரபு; புது மருமகனை மாமனார் ஏற இறங்கக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்பதரை மணி ‘எதிர்நீச்ச’லில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். வேல ராமமூர்த்தி வந்தார், அவரும் லேசுப்பட்ட நடிகர் அல்ல. ஆனால் ஜனம் கடைசிவரை மாரிமுத்துவின் அதட்டலைத்தான் தேடியது. ஸ்லாட் அதே ஸ்லாட். கருப்பொருள் என்று நாம் ஒதுக்கிய இடத்திலிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்து முதற்பொருளை நகர்த்திவிட்டார். இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் நூற்பா இல்லை.

முடியப்போகும் சீரியலுக்குச் சில நிமித்தங்கள்: வில்லி கோயிலில் தனியாக அழுவாள், தொலைந்த சொத்துப் பத்திரம் அலமாரியிலேயே கிடைக்கும், வளைகாப்பும் கல்யாணமும் ஒரே வாரத்தில் நடக்கும். முடிந்ததாலேயே முடிந்துவிட்டதென்று கொள்ளவும் வேண்டாம். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2023 அக்டோபர் கடைசியில் முடிந்த கையோடு இரண்டாம் பாகம் தொடங்கியது. முதல் பாகத்தில் நான்கு சகோதரர்களில் மூத்தவராக மூர்த்தி அண்ணன் வேடத்தில் இருந்த ஸ்டாலின் முத்து, இரண்டாம் பாகத்தில் மூன்று மகன்களுக்கு அப்பா, பெயர் பாண்டியன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். இதற்கு எந்த இயலிலும் விதி கிடையாது. புறனடையில் அடக்கிக்கொள்க.