போஸ்டர் பசை காய்ச்சிய பேரனுக்கு

வா ராசா, இப்படி உக்காரு. மேஷ்டு பொட்டேட்டோ செஞ்சியாமே, உன் பொண்டாட்டி சொன்னா. சட்டியை எட்டிப் பாத்தேன். தேர்தலுக்கு இன்னும் நாள் கெடக்கே, அதுக்குள்ள எதுக்குடா போஸ்டர் பசை?

மிக்ஸியில போட்டு ஓட்டினியாக்கும். நீ இன்ஜினியரு, இந்த அப்பத்தா கைநாட்டு. உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? இருந்தாலும் காதுல போட்டுக்க. வெந்த கிழங்குக்குள்ள மாவெல்லாம் சின்னச் சின்னப் பையில அடைஞ்சு கெடக்கு. பிளேடு பட்டா பை கிழிஞ்சு மாவு வெளிய வந்து சவ்வாயிரும். பருப்பு மத்தால மசி, மசிஞ்சதும் கையை எடுத்துரு. இன்னும் நைசா வேணுமா, இடியாப்ப உரல்ல போட்டுப் பிழி. வெள்ளக்காரன் இதுக்குன்னே அதே மாதிரி ஒரு கருவி வச்சிருக்கான். நம்ம வீட்டு உரலு பரண்ல தூங்குது, உன்னையப் போலவே.

கொதிக்கிற தண்ணியிலயா கிழங்கைப் போட்ட? மேல கரையும், நடு வேகாது. பச்சைத் தண்ணியில உப்பைப் போட்டு, கிழங்கைத் தோலோட முழுசாப் போட்டு, மெதுவா வேக விடணும். தோல் இருந்தா தண்ணி குடிக்காது. கத்தியில குத்தினா வழுக்கிட்டு எறங்கணும். அப்புறம் வடிச்சு, சூட்டோட உரிச்சு மசிச்சு, வெறுஞ்சட்டியில ரெண்டு நிமிசம் பெரட்டு. ஈரம் ஆவியாப் போனாத்தான் வெண்ணெய்க்கு எடம் கெடைக்கும்.

வெண்ணெய்னதும் மூஞ்சி ஏன் சுருங்குது? டயட்டா? பாரிசுல ஜோயல் ரோபுஷோன்னு ஒரு சமையல்காரரு, 2018-ல போய்ச் சேந்துட்டாரு. கிழங்கு மசிச்சே உலகப் பேரு வாங்கின மனுசன். அவரு கணக்கு, கிலோ கிழங்குக்குக் கால் கிலோ வெண்ணெய், கால் லிட்டர் பாலு. வெண்ணெயை ஜில்லுன்னு துண்டு துண்டாச் சேத்துக் கிளறி, பெறகு பாலைச் சூடா ஊத்துவாரு. முழிக்காத, யூடியூபு உனக்கு மட்டுமா ஓடுது?

கிழங்கை ஃபிரிட்ஜுல வச்சு எடுத்தியோ? குளிருல மாவு சக்கரையாகும்டா. அதான் வாயில வச்சா பாயாசமாட்டம் இனிக்குது.

சரி, இதைக் கொட்டிராத. வெங்காயம், பச்சமொளகா தாளிச்சுப் பெசைஞ்சு, கடலைமாவுல முக்கிப் போண்டாவாப் போட்டுருவோம். எண்ணெய் நான் காய வைக்கிறேன், நீ அந்த மிக்ஸியை மொதல்ல பரண்ல ஏத்து.