சுகருக்கு ஏதுலே தீவாளி லீவு?

ஏலே பேராண்டி, உம் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். சந்தோசம். சுகரும் இருக்கு, பிரசரும் இருக்குன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. மாசாமாசம் 9-ஆம் தேதி அரசாங்க ஆஸ்பத்திரியில மாசமா இருக்குற பிள்ளைகளப் பாப்பாவல்லா, அங்க அவ அட்டையில சேப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டாவ. இந்தப் பிள்ளைமேல ஒரு கண்ணு கூடுதலா இருக்கட்டும்னு அர்த்தம். நீ என்ன செஞ்ச? அட்டைய பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, தீவாளி லீவுலயே வளைகாப்ப வச்சு, அதுக்கு டிரோன் கேமராவும் பேசிட்ட. வயித்துல இருக்குற பிள்ளைய வானத்துல இருந்தா படம் எடுக்கப்போற?

போன்ல வேற என்னமோ ஆப்பு வச்சிருக்க. போன வாரம் பிள்ள கத்திரிக்கா சைசு, இந்த வாரம் தேங்கா சைசுன்னு காட்டுதாம். காய்கறிக்கடைக் கணக்கெல்லாம் கரெக்டாத்தான் வச்சிருக்க. நேத்து ராத்திரி சாப்பிட்ட பொறவு அவளுக்குச் சுகர் எம்புட்டுன்னு கேட்டா மட்டும் ஏன் முழிக்க?

சரி, மெட்ராசுல இருந்து இங்க திருநெல்வேலிப் பக்கம் வரணும். 600 கிலோமீட்டருக்கு மேல. கிளம்ப நல்ல நேரம் சோசியர்ட்ட கேட்ட. ரோட்டு நெலவரம் கூகுள்ட்ட கேட்ட. தள்ளுபடி உண்டான்னு வண்டிக்காரன்ட்ட கேட்ட. இவ இம்புட்டுத் தூரம் வரலாமான்னு டாக்டரம்மாட்ட கேட்டியா? அதத்தான் மொதல்ல கேக்கணும். வேண்டாம்னுட்டா வேண்டாம். அங்கனயே ரெண்டு பேரும் இட்லி அவிச்சுத் தின்னுட்டு சும்மா கிடங்க. தீவாளி அடுத்த வருசமும் வரும், அப்ப மூணு பேரா வாங்க.

வரலாம்னு சொல்லிட்டா, பகல்ல வாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க வண்டிய நிறுத்தி அவள நாலு எட்டு நடக்க விடு. மாசமா இருக்கும்போது ரத்தம் கொஞ்சம் சீக்கிரம் உறையும்பாவ. காலத் தொங்கப் போட்டு ஒரே இருப்பா இருந்தா காலுக்குள்ள கட்டிப்போகும். பெல்ட்டு மாட்டும்போது கீழ்ப்பட்டைய வயித்துக்குக் கீழ, இடுப்பெலும்போட சேத்து மாட்டணும். வயித்துக்கு மேல இழுத்துக் கட்டிராத. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்னு அவ குடிக்காம வருவா. வந்தா வரட்டுமே, நிறுத்து. உனக்கு டீ குடிக்கத் தோணுனா மட்டும் வண்டி நிக்குதுல்லா?

பையில என்ன எடுத்து வச்ச? பட்டுச்சேலை ஆறு. மேக்கப்பு டப்பா ரெண்டு. பிரசர் மாத்திரை? அது மெட்ராசுல அலமாரி மேல பத்திரமா இருக்கு! தீவாளியன்னிக்கு ஊர்ல எந்த மருந்துக்கடைக்காரன்லே உனக்காகக் கடையத் திறந்து வச்சிருக்கான்? தேவைக்கு மேல ஒரு வாரத்து மாத்திரை கையில இருக்கணும். இன்சுலின் போடுதாளா, அத வெயில்ல நிக்குற காருக்குள்ள விட்டுட்டு ஓட்டலுக்குள்ள நுழையாத, ஐசுக்கட்டி மேல நேரா வச்சு உறைய விட்டுறாத. அட்டை, ஸ்கேன் ரிப்போட்டு, மாசமானதப் பதிஞ்சப்பக் குடுத்த பிக்மி நம்பரு எல்லாம் ஒரே பையில, அவ கைக்கு எட்டுற இடத்துல வை.

இனி தீனிக் கதைக்கு வருவோம். அதுலதான் மொத்தக் கூத்தும் கிடக்கு.

மாசமா இருக்கும்போது வாற இந்தச் சுகர எப்பிடிக் கண்டுபிடிச்சாவ? 75 கிராம் குளுக்கோஸத் தண்ணியில கலக்கிக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாத்தாவ. 140-ஐத் தொட்டா இந்தச் சுகர்னு கணக்கு. வெறும் வயித்தோட வரணும்னுகூட கிடையாது. மெட்ராசு சேஷையா டாக்டர் ஊரூராச் சொல்லிப் பரப்புன முறை அது. பஸ்ஸேறி வாற ஏழப் பொம்பளைய இன்னிக்குப் போய் நாளைக்கு வெறும் வயித்தோட வான்னா அவ திரும்பி வருவாளா? அத யோசிச்சவரு மனுசன்.

இப்பிடி ஒரு டம்ளர் குளுக்கோஸ வச்சுக் கண்டுபிடிச்சத, ஒங்க அத்தைமாரு ஒரு தாம்பாளம் பலகாரத்த வச்சு மறக்கடிச்சிருவாவ. "ஒண்ணே ஒண்ணு தின்னு தாயி, பிள்ளைக்கு ஆசையா இருக்கும்"பாவ. பத்து வீட்டுக்காரி ஒண்ணே ஒண்ணு கொடுத்தா அது ஒண்ணா, பத்தா? உனக்குக் கூட்டல் தெரியும்லா, எஞ்சினியருக்குத்தான படிச்ச?

இதுல படிச்ச கூட்டம் ஒண்ணு இருக்கு. அதுகதான் இன்னும் மோசம். "நாங்க வெள்ளச் சீனியே தொடமாட்டோம் மாமா, சுத்தமான கருப்பட்டி, ஆர்கானிக்கு"ன்னு முந்திரிக்கொத்த நீட்டும். ஏட்டி, கருப்பட்டி உடங்குடியில இருந்து வந்தா என்ன, ஒடிசாவுல இருந்து வந்தா என்ன? ரத்தத்துக்குள்ள போனா அதுவும் சுகர்தான். தீவாளி லேகியம் மருந்துல்லான்னு ரெண்டு கரண்டி வழிச்சு ஊட்டுவா இன்னொருத்தி. இஞ்சி, மிளகு, ஓமம் எல்லாம் சரி. அதுல பாதி வெல்லம் கிடக்கே, அது யாரு தலையில விடியும்?

அதுக்காக அவ வாயக் கட்டிப் போடாத. ஆசைப்பட்டா அதிரசத்துல ஒரு விள்ளல் குடு. வயிறு நிறையச் சோறு தின்ன கையோட வேண்டாம், அவ்வளவுதான். இட்லி ரெண்டு போதும், கறி கூட நாலு துண்டு தின்னட்டும். சாப்பிட்டுட்டு வாசல்ல கொஞ்சம் நடக்கட்டும். 2 மணி நேரம் கழிச்சுப் பாத்தா 120-க்குள்ள நிக்கணும்பாவ. நின்னா சரி. நிக்காட்டா எந்தத் தட்டுல இடறுச்சுன்னு உனக்கே தெரிஞ்சிரும்.

விடியக்காலம் மூணு மணிக்கு எழுப்பி எண்ண தேச்சு, கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தணும்னு உங்கம்மா நிப்பா. ராத்திரி தூக்கம் வராம பொரண்டு பொரண்டு அப்பத்தான் ஒருக்களிச்சுக் கண்ணசந்திருப்பா அந்தப் பிள்ள. விட்டுருங்க. நரகாசுரன் செத்து எத்தன யுகமாச்சு? இவ எட்டு மணிக்குக் குளிச்சா அவன் எந்திரிச்சா வந்துரப்போறான்? வெதுவெதுப்பா ஊத்துனாப் போதும். எண்ண சிந்துன தரையில கால் வழுக்காம இருக்கணும், அதப் பாரு. காலையில 6-லருந்து 7, சாயங்காலம் 7-லருந்து 8 வரைக்கும்தான் வெடின்னு அரசாங்கமே சொல்லிருக்கு. அந்த நேரம் சன்னல அடச்சுட்டு அவள உள்ரூம்ல படுக்க விடு.

தீவாளி முடிஞ்ச கையோட கந்த சஷ்டி வருது. ஆறு நாள் பட்டினி இருக்கப் போறேன்னு அவ மாமியாட்டச் சொன்னாளாம், மாமியாளும் கண்ணு கலங்கிட்டாளாம். ஏம்லே, பிள்ள வேணும்னுல்லா அந்த விரதம் இருப்பாவ? அதான் குடுத்தாச்சே! குடுத்தவன்ட்ட போயி மறுபடி மனு போடுவானா? இன்சுலினப் போட்டுட்டு சோறு திங்காம இருந்தா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மயங்கி விழுவா. கை நடுங்குன உடனே, மயங்குறதுக்கு முந்தியே சீனித்தண்ணி குடு, யோசிக்காத. திருச்செந்தூர்க்காரன் கோவிச்சுக்கிட மாட்டான். அவ பேர்ல விரதம் நீ இரு. உன் தொப்பைக்கும் நல்லது.

"அந்தக் காலத்துல நாங்க பத்துப் பெத்தோம், எந்த டாக்டரப் பாத்தோம்"னு மேலத்தெரு பெரியாச்சி ஆரம்பிப்பா. கேட்டுக்கோ, மரியாதையாத் தலைய ஆட்டு. பத்துப் பெத்தவ திண்ணையில இருந்து கத சொல்லுதா. மொதப் பிரசவத்துலயே போனாளே அவ தங்கச்சி, அவ கதய யாரு சொல்லுவா? ஜன்னி கண்டு செத்தா, பேய் அடிச்சுட்டுன்னாவ. பிரசர்னு அன்னிக்கு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்குத் தெரியுது. தெரிஞ்சும் நீ பிரசர் பாக்குற மெசினப் பையில வச்சுக்கிட்டு மத்தாப்புக் கொளுத்துனா என்ன அர்த்தம்?

காலையில அஞ்சு நிமிசம் சும்மா சாஞ்சு உக்காரச் சொல்லிட்டு அப்பறம் பிரசர் பாரு. 140-க்கு 90-ன்னு ஏறுச்சா, டாக்டரம்மாக்குப் போன் போடு. 160-க்கு 110-ன்னு காட்டுச்சா, போன்லாம் அப்புறம், வண்டிய எடு. நம்பர் எப்பிடி இருந்தாலும், தலைவலி மண்டையப் பொளக்குதுன்னாலோ, கண்ணு மங்குதுன்னாலோ, மேல்வயிறு வலிக்கின்னாலோ, முகம் திடீர்னு வீங்குனாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ள அசைவு கொறஞ்ச மாதிரி தோணுனாலோ பேசிக்கிட்டு நிக்காத. தீவாளி நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிக்கா போறதுன்னு எவளாவது முகத்தச் சுழிப்பா. சுழிக்கட்டும். நம்ம ஐகிரவுண்டு அரசாங்க ஆஸ்பத்திரி ராத்திரி பகலாத் திறந்துதான் கிடக்கு. 108-க்கும் லீவு கிடையாது. எந்த ரோட்டுல போகணும், யாரு வண்டி ஓட்டுவான்னு இன்னிக்கே முடிவு பண்ணி வை. ஓட்டுறவன் அன்னிக்குத் தண்ணியப் போட்டுட்டு மல்லாந்து கிடக்கக் கூடாது, அதையும் சேத்துச் சொல்லிட்டேன்.

மழைக்காலம் வேற. கொசு பகல்லயே கடிக்கும். காய்ச்சல் வந்தா நீயா கடையில மாத்திரை கேட்டு வாங்கிப் போடாத, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

என்னலே, தட்டத் தூக்கிட்டு அத்தைமாரு வந்தா என்ன சொல்லன்னு யோசிக்கியா? உனக்குத்தான் வாய் கிடையாதே. கிழவன் கூடாதுன்னுட்டான்னு எம்மேல பழியப் போடு. எத்தனையோ பேரு ஏச்ச வாங்கிட்டேன், அத்தைமாரு ஏச்சு என்ன பண்ணும்? அவ திங்காத முந்திரிக்கொத்த மட்டும் தூக்குச்சட்டியில போட்டு சத்தமில்லாம நம்ம வீட்டுக்குக் குடுத்து விடு. ஆச்சிக்குத் தெரிய வேண்டாம், எனக்கும் சுகர் கொஞ்சம் உண்டுன்னு அவ சொல்லிக்கிட்டுத் திரியுதா.