பூசணிக்காய் மேல ஒரு நூல்

என்னலே மக்கா, அந்த போனை எம்புட்டு நேரமாத் தடவிக்கிட்டு இருக்க? மும்பையில இருந்து லண்டன் 7,200 கிலோமீட்டராம். ஒம்பதே மணி நேரமாம். வடாபாவ்காரன் வரைக்கும் சொல்லியாச்சு. டிக்கெட் எடுத்திட்டியா? இல்லையா? அப்ப அவசரமில்ல, உக்காரு.

அந்த 7,200 எப்படி வந்துச்சு தெரியுமாலே? எவனும் நாடா பிடிச்சு அளக்கல. ஒரு பூசணிக்காயில ரெண்டு புள்ளி வையி. நூலை இழுத்துப் பிடி. அந்த நூலோட நீளந்தான் அது. பூமி உருண்டைல்லா? ஆனா நூல் மேலயே போவணும்னு பிளேனுக்கு என்ன தலையெழுத்தா? 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான்காரன் நம்ம பிளேனுக்கு வானத்தை மூடிட்டான். டெல்லியில இருந்து மேக்க போனதுல முக்காவாசி சுத்திக்கிட்டுப் போச்சு. அமெரிக்கா போன சிலது நடுவுல எறங்கி எண்ணெய் ஊத்திக்கிட்டுப் போச்சு. நூல் ஒரு சாண் கூடுச்சா? கூடல. கூடுனது நேரமும் செலவுந்தான்.

காத்துன்னு ஒருத்தன் வேற இருக்கான். மேல ஒசரத்துல மேக்கேருந்து கெழக்க வெரட்டுவான். லண்டனுக்குப் போவையில எதுத்து நிப்பான், திரும்பி வாரப்ப முதுகைத் தள்ளி விடுவான். தூரம் ஒண்ணு, நேரம் ரெண்டு. எந்த நேரத்தைச் சொல்லி நீ பெருமை அடிக்க?

லண்டனை விடு. நீ போறது சென்னைக்குத்தானே? ஆயிரம் கிலோமீட்டரும் சில்லறையும், ரெண்டு மணி நேரம். சரிதான். முன்னாடி எப்படின்னு தெரியுமா? 1932 அக்டோபர் 15-ல ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில இருந்து தபால் மூட்டையோட பிளேன்ல நம்ம மும்பை ஜூஹுவுல வந்து எறங்குனாரு. அங்கேருந்து வின்சென்ட்ங்கற வெள்ளைக்காரரு அதை மெட்ராசுக்குக் கொண்டு போனாரு. நேராவா? பெல்லாரியில எறங்கி எளைப்பாறித்தான். காயிதத்துக்கே அந்தப் பாடு.

இப்ப உன் பாட்டைப் பாரு. இந்தக் குர்லாவுல பிளேன் நம்ம தலையை ஒரசிக்கிட்டுல்லா எறங்குது? ஏர்போர்ட்டு மதிலும் கூப்பிடு தூரந்தான். ஆனா மதிலை ஏறியா குதிப்ப? எல்.பி.எஸ். ரோட்டுல ஆட்டோ பிடிச்சு, ஹாரன் கேட்டு, சஹார் ஏர்போர்ட்டுக்குப் போயிச் சேரணும். வரிசையில நிக்கணும். பெல்ட்டை அவுக்கணும். வெரைவா போறவனுக்கு எதுக்குலே இம்புட்டு அவுப்பு? ஏறி உக்காந்தாலும் கெளம்பிருமா? இங்க ஓடுபாதை ரெண்டும் குறுக்கால வெட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒரு நேரத்துல ஒண்ணுலதான் ஓட முடியும். வாரவன் மேல வட்டம் போடுதான், போறவன் கீழ மொறை பாக்கான். போன் இதைச் சொல்லுச்சா?

மீனம்பாக்கத்துல எறங்கிட்டா ஊரு வந்திருமா? நம்ம திருநெல்வேலிக்கு அங்கேருந்து இன்னும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல தரையில கெடக்கு. உங்க தாத்தாமாரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயிலேறித்தான் இங்க மும்பைக்கு வந்தாவ. எத்தனை கிலோமீட்டர்னு அவங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. எப்ப சோறு கட்டணும்னு தெரியும். ரயிலுன்னா குர்லா டெர்மினஸ்ல, அதான் இப்ப லோகமான்ய திலக்குன்னு எழுதியிருக்கே, அங்க ஏறி ஏறக்குறைய ஒரு நாள்ல சென்னை. படுக்க எடமுண்டு, பெல்ட்டையும் அவுக்க வேண்டாம்.

பிளேனு வேண்டாம்னு சொல்லல மக்கா. அவசரம்னா ஏறு. வீட்டுல மட்டும் ரெண்டு மணி நேரத்துல வந்திருவேன்னு சொல்லாத. உங்கம்மா அப்பவே உலை வச்சிருவா.