தனியா வராது சார்

பெறுநர்: உயர்திரு உதிரிபாகப் பிரிவு மேலாளர் அவர்கள், பிக்கப் வண்டி தயாரிக்கும் நிறுவனம். (பெயர் கிரில்லில் ஒட்டியிருந்தது, இடித்ததில் அதுவும் போய்விட்டது.)

பொருள்: முன்பம்பரின் இடது ஓரக் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று வேண்டுதல் சார்பாக.

பார்வை: 'தனியா வராது சார், அசெம்ப்ளியாத்தான் வரும்' என்று தங்கள் ஷோரூம் கவுண்டரில் பிறப்பிக்கப்பட்ட வாய்மொழி ஆணை.

ஐயா,

திருவள்ளூர் பக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றும் வண்டி என்னுடையது. சந்தைக்குள் ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று முத்தமிட்டதில் முழ நீளத் துண்டு ஒன்று உடைந்தது. பம்பர் நலம். ஃபாக் லைட் நலம். ஆனாலும் முழு பம்பரையும் வாங்கச் சொன்னீர்கள். தோட்டின் திருகாணி தொலைந்தது என்று போனால் காதையும் சேர்த்து மாற்றச் சொல்லும் பத்தர் எவரும் எங்கள் ஊரில் இல்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றார் கவுண்டர் தம்பி. இருக்கிறது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள், வண்டி நேற்றுத்தான் வாங்கியது என்றாலும். கழிக்காமல் இருக்க 'பம்பர் டு பம்பர்' என்று தனிப் பிரீமியம் உண்டு. பெயரிலேயே இரண்டு பம்பர். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸும் போகும். ஆகவே நானே மாற்றத் துணிந்தேன்.

தங்கள் பொறியாளர்களின் மேதைமை கழற்றும்போதுதான் புரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற போல்ட்டுகள் பத்து எம்.எம். ஸ்பேனருக்கு அடங்கிவிடுகின்றன. சக்கர வளைவுக்குள் இருக்கும் ஸ்க்ரூக்களுக்குச் சேற்றைச் சுரண்டினால் போதும். கிளிப்புகள்தான் ஆளைப் பார்த்து விளையாடுகின்றன. நடுவிலுள்ள பொட்டைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தூக்கிய பிறகே மீதியை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கால் ஒடியும். துண்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் லாக்குகளோ நேராக வெளியே இழுத்தால்தான் விடும். கொஞ்சம் சாய்த்தாலும் 'டப்'. விடியற்காலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், உச்சி வெயிலில் நிறுத்திவைத்தால் இளகிக்கொடுக்கும். (சித்திரை வெயிலை ஒருவர் வரவேற்றது இதுவே முதல் முறையாக இருக்கலாம்.) ஃபாக் லைட் சாக்கெட்டை முதலில் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்பரோடு வயரும் வந்துவிடும். இதில் ஒன்றாவது ஓனர் மேனுவலில் இருக்குமா என்று தேடினேன். ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்பது எப்படி என்று பக்கம் பக்கமாக இருந்தது.

துண்டின் முதுகில் மட்டும் பொடி எழுத்தில் பி.பி., ஈ.பி.டி.எம். என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த வகைப் பிளாஸ்டிக் என்று தெரிந்து, தரம் பிரித்து மறுசுழற்சி செய்வதற்காம். ஆக, தூக்கி எறிந்தபின் என்ன செய்வதென்று யோசித்திருக்கிறீர்கள். எறியாமலிருக்க என்ன செய்வதென்றுதான் யோசிக்கவில்லை. பெட்டிக்கடை சூப்பர் க்ளூவும் அந்தப் பிளாஸ்டிக்கோடு ஒட்டுறவு வைத்துக்கொள்வதில்லை.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வண்டியின் முகப்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எதிரே நடந்துவருபவரின் கால் பிழைக்கும். அதனால் பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி கட்டக் கூடாதென்று 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது சரிதான். ஆனால் இந்த ஓரத்துத் துண்டுகள் தனியாகக் கிடைத்திருந்தால், கம்பி கட்டியவர்களில் பாதிப்பேர் கட்டியே இருக்கமாட்டார்கள் என்பது என் கட்சி.

இதையெல்லாம் அரசாங்கம் கவனிக்காமல் இல்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2022 டிசம்பர் 24 அன்று, 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று மத்திய அரசு ஓர் இணையதளமே திறந்தது. அபராதம் கார் நிறுவனங்களுக்கு, நம்முடையது பிக்கப் என்று தங்கள் வக்கீல் சொல்லக்கூடும். நான் வக்கீல் வரைக்கும் போகவில்லை, பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன்.

மலைபோல் குவிந்த கதவுகளுக்கும் கிரில்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரர் உடைசலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "லெஃப்ட்டா, ரைட்டாண்ணே?" கம்ப்யூட்டரைத் தட்டவில்லை, சேஸிஸ் நம்பர் கேட்கவில்லை. மேலே ஏறி உருவிக்கொண்டு வந்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். கிளிப் ஒடிஞ்சிருக்குமே என்று அவராகவே ஒரு பிடி அள்ளிப்போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

எனவே, தங்கள் பிரிவு அதிகாரிகளை அந்தக் கடைக்குப் பயிற்சிக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பம்பரை எத்தனை துண்டாக விற்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஃபீஸ் கேட்கமாட்டார், டீகூட வாங்கித் தருவார். நல்ல ஷூ போட்டுவர வேண்டாம், தரையெல்லாம் கிரீஸ்.

இப்படிக்கு,
இடது பக்கம் சரியாகிவிட்ட ஒரு வண்டிக்காரன்