ஐந்து பேருக்கு ஒரு டோக்கன்

(இந்த வாரத் தபாலில் பாதி பாலக்கோடு வட்டாரத்திலிருந்து. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூரில் ஒரே டாக்டர்தான் போலிருக்கிறது.)

*கிளினிக் வரவேற்பாளர், பாலக்கோடு: எங்கள் டாக்டர் சர்க்கரை நோயாளிகளை இனிமேல் ஐந்தைந்து பேராக உட்காரவைத்துப் பார்க்கப் போகிறாராம். நடக்கிற காரியமா?*

நடந்த காரியம். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் 2016 முதல் 2018 வரை, கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் உள்ள 1,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல டாக்டரோடு தனிச் சந்திப்பு. மறு பாதிக்கு ஐவர் குழு. குழுவிலும் டாக்டர் ஒவ்வொருவராகத்தான் பார்ப்பார். மற்ற நால்வரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறையாக நான்கு சந்திப்புகள். முடிவில், குழுவில் இருந்தவர்களுக்குத் திருப்தியும் கூடுதல், நோயைப் பற்றிய அறிவும் கூடுதல், மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்களும் கூடுதல். வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தால்தான் வைத்தியம் என்று நினைப்பவர்களின் வாயை அடைக்க அது போதும். நாம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுவிடுகிறார், அதுதான் சூட்சுமம்.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் 1905-லேயே ஏழைக் காசநோயாளிகளை வகுப்பு மாதிரி கூட்டி வைத்துப் பார்த்தார். ஆக, உங்கள் டாக்டர் சுமார் 120 வருடம் தாமதமாக வந்திருக்கிறார். டாக்டர்களுக்கு இது சகஜம்.

*அதே வரவேற்பாளர்: எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டால் எல்லோரும் "எப்ப சொன்னாலும் வரங்க" என்கிறார்கள். சொன்ன நாளில் பாதிப் பேர் வருவதில்லை. எப்படித்தான் குழு சேர்ப்பது?*

அவர்கள் சொன்னது மரியாதைக்கு. அதை நோட்டில் எழுதிக்கொண்டது உங்கள் தப்பு. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "எந்த நாள், எந்த நேரம் உங்களால் வரவே முடியாது?" உடனே கொட்டும் பாருங்கள். தக்காளி பறிப்பு, மண்டி, பட்டுப்புழுவுக்கு இலை போடுகிற வேளை, பேத்தி பள்ளிக்கூடம் விடும் நேரம், அமாவாசை, ஊருக்கு வருகிற ஒற்றை டவுன் பஸ். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் யார் என்பதையும் குறியுங்கள். அவரைப் பதினொரு மணிக் குழுவில் போட்டால் பஸ் ஸ்டாண்டில் டீயும் போண்டாவும் முடித்துவிட்டுத்தான் வந்து சேர்வார்.

அடுத்தது, போன் செய்த வரிசையில் இடம் கொடுக்காதீர்கள். யாருக்கு வழி குறைவோ அவருக்கு முதல் இடம். வியாழன் மாலை மட்டுமே வர முடிந்த தையல் கடைக்காரரை முதலில் உட்காரவையுங்கள். எந்த நாளும் சும்மா இருக்கும் ரிட்டயர்டு வாத்தியாரைக் கடைசியில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். நாம் செய்வது நேர்மாறு. வாத்தியார்தான் முதலில் போன் செய்வார், வியாழன் மாலையைப் பிடித்துக்கொள்வார். தையல்காரர் அடுத்த மாதத்துக்குப் போய்விடுவார்.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. இங்கிலாந்துக் கணிதவியலாளர் பிலிப் ஹால் 1935-ல் நிறுவியது. கல்யாணத் தேற்றம் என்றே பெயர். நம் கிளினிக்குக்குத் தகுந்தபடி சொன்னால்: நோயாளிகளில் எந்தச் சிலரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுக்குத் தோதான நாற்காலிகள் மொத்தத்தில் அவர்கள் தலைக்கணக்குக்குக் குறையாமல் இருந்தால், எல்லோரையும் உட்காரவைத்துவிடலாம். எங்காவது ஒரு கூட்டத்துக்குக் குறைந்தால் முடியாது. ஏழு பேருக்கு வியாழன் மாலை ஒன்றுதான் வழி, நாற்காலி ஐந்து என்றால், நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இருவர் வெளியே. அப்போது நோயாளியைத் திட்டாமல், வியாழன் மாலைக்கு இன்னொரு குழு கேட்டு டாக்டரிடம் போங்கள்.

*தக்காளி விவசாயி, மாரண்டஅள்ளி: என் சர்க்கரை அளவு ஊருக்கே தெரிய வேண்டுமா?*

டீக்கடையில் "சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்கிறீர்களே, அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஆனாலும் உங்கள் பயம் நியாயமானதுதான். குழுவில் சேர விருப்பமா என்று முதலில் கேட்க வேண்டும். மாட்டேன் என்பவருக்குத் தனிச் சந்திப்பு இருக்க வேண்டும், அதுவும் முகம் சுளிக்காமல். அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை என்று ஐவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரவேற்பாளருக்கும் ஒரு வார்த்தை: நேரம் ஒத்துப்போகிறது என்பதற்காகச் சம்பந்திகளை ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள்.

*கைக்குழந்தையின் தாய், வெள்ளிச்சந்தை: ஒன்பது மாதத் தடுப்பூசிக்குப் போனால் "புதன்கிழமை வாங்க" என்கிறார்கள். நோய் கிழமை பார்த்தா வருகிறது?*

நோய் பார்ப்பதில்லை, மருந்துக் குப்பி பார்க்கிறது. தட்டம்மை–ரூபெல்லா மருந்து பொடியாக வருகிறது. ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து. கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சம் குப்பைக்கு. காசநோய்க்கான பிசிஜி மருந்துக்கும் இதே விதிதான். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் குப்பி என்றால், திறந்த பிறகும் குளிர் கெடாமல் வைத்து 28 நாள் பயன்படுத்தலாம். அதனால்தான் கிழமை வைத்துக் குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் கூட்டுச் சந்திப்பை நர்சம்மாக்கள் எந்தத் தேற்றமும் படிக்காமல் வாராவாரம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று: மருந்து வீணாகுமே என்று வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அடுத்த புதனுக்கு உங்களால் வர முடியாது என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

*கரும்பு விவசாயி, பாலக்கோடு: சர்க்கரை ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கிறதே, அதுவும் இந்தக் கணக்குதானா?*

அதேதான், கொஞ்சம் கொடூரமானது. அங்கே கரும்பின் வயது, வெட்டும் ஆள், லாரி, ஆலை என நாலும் ஒரே நாளில் ஒத்துவர வேண்டும்; வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைக்காவிட்டால் எடையும் போகும், சர்க்கரைச் சத்தும் போகும். நோயாளி அடுத்த வாரம் வருவார். கரும்பு காத்திருக்காது.

*பெரியவர், பஞ்சப்பள்ளி: எங்களைக் கூட்டம் சேர்ப்பதைவிட டாக்டர் வீட்டுக்கு வரலாமே?*

மாத்திரை வருகிறதே! அதை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்களுக்கு அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. டாக்டரும் வர வேண்டும் என்றால், தோட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பீர்களா?

*கல்லூரி மாணவர், காரிமங்கலம்: இதற்கெல்லாம் ஒரு ஆப் போட்டால் போதாதா?*

போடுங்கள். ஆனால் அதில் முதலில் இடம் பிடிப்பவர் நல்ல போனும் நல்ல சிக்னலும் உள்ளவர். தையல்காரர் மறுபடியும் அடுத்த மாதத்துக்குப் போய்விடுவார்.

*மீண்டும் வரவேற்பாளர்: ஐவரில் ஒருவர் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?*

பத்து நிமிடம். பிறகு நால்வரோடு ஆரம்பித்துவிடுங்கள். வந்தவர்களைத் தண்டிக்கக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே ஒரு போன் போட்டு நினைவுபடுத்தினால் அந்தப் பத்து நிமிடமும் மிச்சம். இந்த விதி டாக்டருக்கும் பொருந்தும் என்று பெரிய எழுத்தில் எழுதி, அவர் அறைக்குள்ளே ஒட்டுங்கள்.